கம்பஸ் லீவுக்கு வேலை தேடும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர் படுவான்கரைப் பக்கம். செமஸ்டர் லீவு மூன்று, நாலு கிழமைதான் கிடைக்கிறது. அந்த நேரத்தில் மட்டக்களப்பு ரவுணில் கடை கடையாக ஏறி இறங்கியும் வேலை கிடைக்கவில்லை. "நிரந்தரமா நிப்பியா?", "முந்தி எங்கயாவது வேல செய்திருக்கியா?" என்ற இரண்டு கேள்விகளோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தங்கச்சி ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறா. அவவுக்கு வட்ஸ்அப்பில் ஒரு ஒன்லைன் வேலை வந்திருக்கிறதாம், நம்பலாமா என்பது கடைசிக் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நம்பவேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது. தங்கச்சியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மற்றதற்கு வருவோம். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் ஆட்களை எடுக்கும் பகுதியில் இருந்தவன் நான். இப்போது பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டும் வேலை. இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குப் படுவது இதுதான்: இந்த இரண்டு மாவட்டத்திலும் குறுகிய கால வேலை இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பருவம் உண்டு, அந்தப் பருவம் உங்கள் லீவோடு சேர்ந்து வருவதில்லை. உப்பு விற்கப் போனால் மழை, உமி விற்கப் போனால் காற்று என்ற கதைதான்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை லீவும் கோடை வியாபாரமும் ஒன்றாக வரும். கடைக்காரனுக்கும் ஆள் தேவை, பிள்ளைக்கும் நேரம் இருக்கும். நமக்கு அப்படி இல்லை. 2020 கொரோனாவோடும் 2022 நெருக்கடியோடும் கல்வியாண்டு குழம்பியது குழம்பியதுதான். கலைப்பீடத்துக்கு லீவு விடும்போது விஞ்ஞான பீடத்துக்குச் சோதனை நடக்கும். லீவுத் திகதியே கடைசி நேரத்தில்தான் கையில் வரும். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரவுணுக்குப் போகும் கிழமை, கடைக்காரருக்கு வியாபாரம் படுத்த கிழமையாக இருக்கும். அவர் என்ன செய்வார்? இருக்கிற ஆட்களுக்கே வேலை கொடுக்க வழியில்லாமல் நிற்கிறார்.

ஆகவே லீவு வந்த பிறகு தேடுவதை விட்டுவிட்டு, ஊரின் பருவத்தைப் பார்த்து முன்கூட்டியே கேளுங்கள். லீவு பொருந்தாத பருவங்களில் முழுநாளைக் கொடுக்கமுடியாது. மாலையையும் சனி ஞாயிறையும் கொடுக்கலாம்.

பெருநாள் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் புடவைக் கடைகளில் நோன்பின் கடைசிப் பத்து நாளும் தறாவீஹ் இரவுத் தொழுகை முடிந்த பிறகுதான் உண்மையான சனம் வரும். நடுச்சாமம் தாண்டியும் கடை திறந்திருக்கும். ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் பத்துச் சல்வாரை இறக்கிப் பார்த்து ஒன்றை எடுக்கும். மிச்சம் ஒன்பதையும் மடித்து, அதே பொலித்தீனில் போட்டு, அதே தட்டில் வைக்க ஓர் ஆள் வேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு அந்த வேலைதான். சலிப்பான வேலை, கால் கடுக்கும். ஆனால் மூன்று நாளில் எந்தத் தட்டில் எந்த சைஸ், எந்தத் துணி எந்த விலை என்று பிடித்துக்கொண்ட பிள்ளையை முதலாளி பில் போடும் மேசைக்கு மாற்றிவிடுவார். அடுத்த தீபாவளிக்கும் அவரே தொலைபேசி எடுப்பார். இந்தக் கடைகள் ஆளைப் பேசி முடிப்பது நோன்பு தொடங்கும்போது. கடைசிக் கிழமையில் போய்க் கேட்டால் இடம் இருக்காது. நோன்பு ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னுக்கு வரும் என்பதால் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நம்முடைய தமிழ் வீடுகளில் சில பேர், "காத்தான்குடிக் கடையிலயா நிக்கப் போறாய்?" என்று முகம் சுழிப்பார்கள். முஸ்லிம் பக்கத்திலும் இதே மாதிரிக் கேட்கிற வீடுகள் உண்டு. அதைக் காதில் போட்டுக்கொள்ளவேண்டாம். சந்தையில் ஒருவரை ஒருவர் நம்பித்தான் இந்தக் கரையின் வியாபாரம் நடக்கிறது.

சித்திரை வருடப் பிறப்பு, தீபாவளி, நத்தார் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். கேக், இனிப்புக் கடைகளும் அந்த நாட்களில் பொதி கட்டக் கை தேடும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் திருவிழாக் கடைகள் வரும். அங்கே நாட்கூலிதான், பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம்.

வயல் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அம்பாறைக்காரர் கோபிப்பார்கள். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியிலும் சிறுபோக அறுவடை ஆவணி, புரட்டாதியிலும் வரும். முந்திய மாதிரி அரிவாளோடு வரிசையாக இறங்கும் வேலை இப்போது இல்லை, வெட்டு மெசின் வந்து அதை முடித்துவிட்டது. ஆனால் நெல் வாங்கும் இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று மூட்டை நிறுப்பதை எழுதி, ஈரப்பதம் பார்த்து, கணக்கு முடித்துக் கொடுக்க எழுத்து வேலை தெரிந்த ஓர் ஆள் வேண்டும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆலைக்காரர்கள் அந்த இரண்டு மாதமும் நம்பிக்கையான ஆளைத்தான் தேடுவார்கள். முகாமைத்துவம், கணக்கியல் படிக்கும் பிள்ளைக்கு இது நல்ல இடம். வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் உங்கள் ஊர் வட்டவிதானையாரிடமோ, ஆலைக்கு நெல் கொடுக்கும் மாமா ஒருவரிடமோ சொல்லி வைப்பதுதான் வழி. இதற்கு எவரும் விளம்பரம் போடமாட்டார்கள்.

சரி, பாசிக்குடா. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடவே சொல்ல இருக்கிறது.

கிழக்குக் கடல் சித்திரை கழிந்துதான் அமைதியாகும். பாசிக்குடாவுக்கு வைகாசியிலிருந்து புரட்டாதி வரை நல்ல காலம். அறுகம்பேயில் அலைச்சறுக்கல் பருவமும் ஏறக்குறைய அதே நேரம், ஐப்பசி வரை இழுக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் தை வரை இரண்டு இடத்திலும் ஆள் குறைவு, வெள்ளம் வந்தால் பாதையும் இல்லை. மார்கழி லீவுக்கு ஹோட்டலில் வேலை கேட்டு வந்த பிள்ளைகளை நான் நிறையத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் குறை ஒன்றும் இல்லை. அறைகள் காலியாகக் கிடக்கும்போது யாரை எடுப்பது?

ஹோட்டலில் 'கேசுவல்' என்று ஒரு முறை இருக்கிறது. நிரந்தர ஆள் இல்லை, அழைக்கும் நாளுக்கு மட்டும் சம்பளம். கலியாண விருந்து, கம்பனி ஆட்களின் கூட்டம், பெரிய சுற்றுலாக் குழு வரும் நாட்களில் பரிமாற, மேசை போட, தட்டு எடுக்க இருபது முப்பது பேரைக் கூப்பிடுவார்கள். சனி, ஞாயிறில்தான் பெரும்பாலும் வரும் என்பதால் விரிவுரைக்கும் இடைஞ்சல் இல்லை. கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சேட், கறுப்புச் சப்பாத்து மூன்றும் உங்களிடம் இருக்கவேண்டும். சப்பாத்து இல்லாமல் வந்ததால் திரும்பிப் போன பையன்கள் உண்டு. உணவுப் பகுதிக்குப் பொறுப்பானவரிடம் நேரே போய், பெயர், தொலைபேசி இலக்கம், எந்த நாட்கள் வரமுடியும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சித்திரை பிறந்தவுடன் போகவேண்டும். முதல் அழைப்புக்கு வந்தவருக்குத்தான் இரண்டாவது அழைப்பு வரும். ஒரு தடவை "வாறன்" என்று சொல்லிவிட்டு வராமல் விட்டால் பெயர் வெட்டப்படும், இதில் இரக்கமே கிடையாது.

போகும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: நாட்சம்பளம் எவ்வளவு, சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டா, இரவு முடிந்து எப்படி வீடு போவது. மூன்றாவதுதான் முக்கியம். விருந்து முடிய இரவு பதினொரு மணியாகும், அந்த நேரத்தில் வாழைச்சேனையிலிருந்து உங்களுக்கு பஸ் கிடைக்காது. வாகனம் ஒழுங்கு செய்கிறார்களா, தங்க இடம் தருகிறார்களா என்று தெரியாமல் போய், கிடைத்த சம்பளத்தில் பாதியை ஆட்டோவுக்குக் கொடுக்கவேண்டாம்.

மொழி ஒரு தடை, மறைக்கத் தேவையில்லை. விருந்தினர் முன் நிற்கும் வேலைக்குக் கொஞ்சம் இங்கிலீஷும், தெற்கிலிருந்து வரும் குடும்பங்களுக்காகக் கொஞ்சம் சிங்களமும் வேண்டும். இது இல்லாததால்தான் நம் பிள்ளைகளைச் சமையலறைக்குப் பின்னால் விட்டுவிட்டு, முன்னுக்கு நிற்க வெளிமாவட்ட ஆட்களை எடுத்தோம். பெரிதாக இலக்கணம் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பேசும் ஐம்பது அறுபது வசனம் தடுமாறாமல் வந்தால் போதும். ஒரு செமஸ்டருக்குள் பழகக்கூடிய விஷயம்.

ஆனால் என்னைக் கேட்டால், கம்பஸ் பிள்ளைக்கு மிகச் சிறந்த பகுதிநேர வேலை ரியூசன்தான். வந்தாறுமூலை ரவுணிலிருந்து சுமார் 16 கிலோமீற்றர். தினம் மாலை ரவுணுக்கு வந்து கடையில் நின்றுவிட்டுத் திரும்புவது உங்களுக்குக் கட்டாது. செங்கலடி, ஏறாவூர், சித்தாண்டி என்று கம்பஸைச் சுற்றியே வீடுகள் இருக்கின்றன. இதில் எல்லாரும் செய்வது உயர்தரப் பெரிய வகுப்பைக் கனவு காண்பது. அங்கே பெயர் எடுத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு போட்டி போடமுடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை கணிதம், இங்கிலீஷ், விஞ்ஞானம் மூன்றுக்கும்தான் ஆள் இல்லை. சாதாரண தரத்தில் கணிதம் கோட்டைவிடும் பிள்ளை அந்த வருடத்தில் விடுவதில்லை, ஏழாம் வகுப்பில் பின்னம் விளங்காமல் போன இடத்திலேயே விட்டிருக்கும். அதைப் பிடித்துக் கொடுப்பவரைத் தாய்மார் விடமாட்டார்கள். ஒரு வீட்டில் மூன்று நாலு பிள்ளைகளைச் சேர்த்துத் தொடங்குங்கள். ஒரு தவணைக்குள் அடுத்த ஒழுங்கையிலிருந்து ஆள் வரும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பும் கேட்பார்கள். அதில் பெற்றோரின் பதற்றம் கூட, புதியவர்கள் தொடாமல் விடுவது நல்லது. ஞாயிறு காலை அறநெறி வகுப்பு நேரத்தில் வைக்காதீர்கள், ஊரும் ஏற்காது. காசை மாதத் தொடக்கத்தில் கேட்டுப் பழகுங்கள். முடிவில் கேட்டால் பாதி வீடுகளில், "தம்பி, அடுத்த மாசம் சேர்த்துத் தாறன்" என்பார்கள்.

ரியூசனுக்கு இன்னொரு வசதி: உங்கள் பரீட்சைக் கிழமைக்கு நீங்களே லீவு விடலாம். கடையில் அது நடக்காது. பெரும்பாலான பாடங்களுக்கு 80 வீத வரவு இல்லாமல் சோதனை எழுத விடமாட்டார்கள். பகுதிநேர வேலைக்காக அதில் கைவைத்து ஒரு வருடத்தை இழந்தால் உழைத்த காசு எதற்கும் காணாது. மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும் பிள்ளைக்கு 2025இல் கூட்டியபோது மாதம் 7,500 ரூபா ஆனது, அதுவும் வருடத்துக்குப் பத்துத் தவணைதான். போர்டிங், சாப்பாடு, போட்டோப் பிரதி என்று பார்த்தால் பத்தாது, தெரியும். குறையும் அந்தக் காசைத்தான் தேடுகிறீர்கள், ஒரு முழுச் சம்பளத்தைத் தேடவில்லை. இதை மனதில் வைத்தால் எந்த வேலையை ஏற்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க இலேசாக இருக்கும்.

கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது. மணவறைச் சோடனை, மேடைப் பின்திரை, நடன வகுப்பு, கலியாணப் படம் பிடிப்பவருக்கு உதவி என்று தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் கை ஓயாது. நான் சொல்லவேண்டிய தேவையில்லை, அவர்கள்தான் நமக்குச் சொல்லவேண்டும்.

தொண்டு நிறுவனங்கள் சுனாமிக்குப் பின் இருந்த மாதிரி இப்போது இல்லை. ஆனாலும் அவ்வப்போது வீட்டுக்கு வீடு போய்த் தகவல் எடுக்க, நாட்கணக்கில் ஆள் எடுப்பார்கள். தொலைபேசியில் படிவம் நிரப்பத் தெரிந்து, படுவான்கரைப் பாதை தெரிந்த உங்களைப் போன்ற ஒருவர் அவர்களுக்கு மிகவும் தேவை. பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்து வையுங்கள். அதோடு நிறுத்தாமல் நிறுவனங்களின் வாசலுக்கும் போய்ச் சொல்லுங்கள்.

இப்போது தங்கச்சியின் ஒன்லைன் வேலை. எனக்குத் தெரிந்த வடிவம் இது: காணொளிக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடு என்று தொடங்குவார்கள். முதல் நாள் சில நூறு ரூபா உண்மையாகவே கணக்குக்கு வரும். அந்தக் காசுதான் தூண்டில். பிறகு, "பெரிய டாஸ்க் எடுக்க முதலில் ஐயாயிரம் கட்டுங்கள்" என்பார்கள், அது ஐம்பதாயிரமாகும், மறுகா அந்த இலக்கமே இருக்காது. இன்னொரு வகை, "உங்கட வங்கிக் கணக்குக்குக் காசு வரும், பங்கை எடுத்துட்டு மிச்சத்தை அனுப்புங்க" என்பது. அது வேறு யாரையோ ஏமாற்றிய காசு. பொலிஸ் கணக்கை முடக்கும்போது பெயர் உங்களுடையதாக இருக்கும். மூன்றாவது, ஆள் சேர்த்தால் பணம் என்ற பிரமிட் திட்டம். அதை நடத்துவதும் பரப்புவதும் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம், தடைசெய்த திட்டங்களின் பட்டியலை மத்திய வங்கியே வெளியிடுகிறது. சொந்தக்காரர் கூப்பிட்டாலும் போகவேண்டாம். பெரும்பாலும் சொந்தக்காரர்தான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டில் கணினி வேலை, விசிட் விசா போதும் என்று யாராவது சொன்னால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

உண்மையான ஒன்லைன் வேலையும் இருக்கிறது. பைவர், அப்வேர்க் என்ற இணையத்தளங்கள் வழியாக வடிவமைப்பு, தமிழ் மொழிபெயர்ப்பு, தமிழ்த் தட்டச்சு, காணொளி வெட்டல் செய்து உழைக்கிறவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறார்கள். பைவர் ஒவ்வொரு வேலையிலும் 20 வீதம் எடுத்துக்கொள்ளும், காசைப் பெரும்பாலும் பயோனியர் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக எடுப்பார்கள். ஆனால் இதில் முதல் வேலை கிடைக்கவே மாதக்கணக்காகும். மூன்று கிழமை லீவுக்கு இதை நம்ப முடியாது. படிக்கும் காலம் முழுக்கப் பக்கத்தில் வைத்து வளர்க்கவேண்டிய விஷயம்.

சம்பளம் பற்றி. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200. மாணவர் என்பதால் குறைக்கலாம் என்று சட்டத்தில் இல்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது, சாதாரண வேலை நேரம் நாளுக்கு எட்டு மணித்தியாலம். ஊழியர் சேமலாப நிதி தற்காலிக ஆட்களுக்கும் உண்டு: உங்களிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம். மூன்று கிழமை நிற்கும் கடையில் இதற்காகச் சண்டை பிடிக்கச் சொல்லமாட்டேன், நடைமுறை எனக்கும் தெரியும். ஆனால் மாதங்கள் தொடர்ந்தால் கேளுங்கள், தராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகம் இருக்கிறது. "முதல் ரெண்டு கிழம பழகு, பிறகு சம்பளம் பேசுவம்" என்ற கடையில் மட்டும் ஒரு நாளும் நிற்கவேண்டாம். இரண்டு கிழமை முடிந்ததும் அடுத்த பிள்ளை பழக வந்திருக்கும். அடையாள அட்டை, சான்றிதழ் மூலப்பிரதிகளையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், போட்டோப் பிரதி போதும்.

கடைக்காரர் கேட்கும் அந்த இரண்டு கேள்விகள் மிச்சம். "நிரந்தரமா நிப்பியா?" என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஆம் என்று சொல்லிச் சேர்ந்து மூன்றாம் கிழமை காணாமல் போகிற பிள்ளைகளால்தான் அந்தக் கேள்வியே வந்தது. உங்களுக்குப் பின் வருகிற கம்பஸ் பிள்ளைக்கும் அந்தக் கதவு மூடும். "இல்லண்ணே, இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரைதான், ஆனா பெருநாளுக்கும் தீபாவளிக்கும் கூப்பிட்டா வருவன்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லாரும் ஏற்கமாட்டார்கள், சிலர் ஏற்பார்கள். இன்னொரு வழி, நம்பிக்கையான கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து ஓர் இடத்தை இருவராக ஏற்பது. உங்கள் பீடத்துக்கு வகுப்பு நடக்கும்போது அவர் பீடத்துக்கு லீவு என்றால், கடைக்காரருக்கு வருடம் முழுக்க ஓர் ஆள் கிடைத்த மாதிரி. கல்வியாண்டு குழம்பியதில் நமக்குக் கிடைக்கும் ஒரே இலாபம் இது.

அனுபவம் கேட்பவருக்கு, செய்த எதையும் சொல்லலாம். கோயில் திருவிழாவில் கணக்கு எழுதியது, மாமாவின் கடையில் நின்றது, வெள்ள நேரம் நிவாரணப் பொருள் பிரித்துக் கொடுத்தது எல்லாம் அனுபவம்தான். செய்து முடிக்கும் ஒவ்வொரு இடத்திலும், எந்தக் காலம், என்ன வேலை என்று முத்திரை வைத்த ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள், ஐந்து வரி போதும். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அப்போது சின்னப் பிள்ளை. அவர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனால் அரசாங்க நியமனம் வரும்வரை தனியார் இடம் ஒன்றில் ஏறிப் பார்க்கலாம் என்று நினைத்தவர்களுக்கு, பட்டத்தைத் தவிர காட்டக் கையில் ஒரு தாளும் இருக்கவில்லை. நேர்முகத்தில் எதிர்ப்பக்கம் இருந்து அதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

உங்கள் அடுத்த லீவு எப்போது என்று எழுதவில்லை. திகதி தெரிந்ததும் அது எந்தப் பருவத்தில் விழுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் என்றால் பாசிக்குடாவில் யாரிடம் போய்ப் பேசுவது என்று சொல்லமுடியும். மழைக்காலத்தில் என்றால் வெளியே தேடி அலையவேண்டாம், செங்கலடியில் இரண்டு வீடு பார்த்து ஏழாம் வகுப்புக் கணிதத்தைத் தொடங்கிவிடுங்கள்.